மறதிக்கு மருந்தா, மகனுக்கு விடுதலையா?

வளைகுடா நாடொன்றில் வேலை பார்க்கும் சகோதரர் ஒருவர், விடுமுறையில் ஊர் வந்திருந்த சமயம் என்னிடம் ஒரு மஸ்அலா கேட்டார். அவருடைய வாப்பாவுக்கு வயது எழுபத்தாறு. இரண்டு வருடமாக மறதி. வெற்றிலைப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே தேடுவதும், சாப்பிட்டு எழுந்த கையோடு "இன்னும் சோறு போடவில்லையா?" என்று கேட்பதுமாக இருக்கிறார். டாக்டர் பரிசோதித்து, மறதி நோயின் ஆரம்ப நிலை என்று சொல்லிவிட்டார். மகனார் பாசத்தோடு டேப்லெட் ஒன்று வாங்கி வந்து, மூளைக்குப் பயிற்சி தருவதாகச் சொல்லப்படும் கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு ஓராண்டுச் சந்தாவும் கட்டிவிட்டார். வாப்பாவோ அதைத் தொட மறுக்கிறார். "அவருடைய நன்மைக்காகத்தானே ஹஜ்ரத், கொஞ்சம் கட்டாயப்படுத்திச் செய்ய வைக்கலாமா? செய்ய வைக்காமல் விட்டால் பெற்றோருக்குச் செய்ய வேண்டிய கடமையில் தவறியவன் ஆவேனா?" இதுதான் அவர் கேள்வி.

இது ஒரு வீட்டுக் கேள்வியாக இருந்தால் அவரிடமே பதில் சொல்லி முடித்திருப்பேன். நம் நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கும் மேல், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதி நோயோடு வாழ்கிறார்கள் என்று 2023-ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டிருக்கிறது. நம் மஹல்லாக்களில் எத்தனை திண்ணைகளில் இந்தக் காட்சி இருக்கிறது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

முதலில் இந்தப் பயிற்சி என்ன என்பதைப் பார்ப்போம். கண்ணால் காணாத பொருளுக்கு ஃபத்வா கூறுவது முறையல்ல. திரையின் நடுவில் ஒரு வண்டிப் படம் மின்னி மறையும்; அதே நொடியில் ஓரத்தில் இன்னொரு படம் மின்னும். நடுவில் வந்தது காரா, லாரியா? ஓரத்தில் வந்தது எந்தப் பக்கம்? சரியாகச் சொன்னால் அடுத்த தடவை இன்னும் வேகமாக மின்னும். இது ஒரு வகை. எண்களை வரிசை மாறாமல் திருப்பிச் சொல்வது, கவிழ்த்த சீட்டுகளில் ஜோடி தேடுவது என்று வேறு பலவும் உண்டு. முடிவில் மதிப்பெண் வரும்.

இவற்றால் பயன் உண்டா? இதில் ஆய்வாளர்கள் ஒரே குரலில் பேசவில்லை. 2014-ல் எழுபது பேரளவில் விஞ்ஞானிகள் கூடி, இந்த விளையாட்டுகளின் விளம்பரங்களுக்குப் போதிய ஆதாரமில்லை என்று கூட்டறிக்கை விட்டார்கள். அதே வருடம் நூற்றுக்கும் மேற்பட்ட வேறு விஞ்ஞானிகள், ஆதாரம் இருக்கிறது என்று மறுப்பறிக்கை விட்டார்கள். நம் கிதாபுகளில் இரு சாராரின் கருத்தையும் படித்துப் பழகியவர்களுக்கு இது புதிதன்று. யார் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று பிரித்துப் பார்த்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

அமெரிக்காவில் 1998-ல் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்று உண்டு. 65 வயதைத் தாண்டிய சுமார் 2,800 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஞாபகப் பயிற்சி, ஒரு பகுதியினருக்கு யோசித்துத் தீர்க்கும் பயிற்சி, ஒரு பகுதியினருக்கு நான் மேலே சொன்ன கம்ப்யூட்டர் வேகப் பயிற்சி. மீதிப் பேருக்கு ஒன்றுமில்லை. எதில் பழகினார்களோ அதில் தேறினார்கள்; ஞாபகத்தில் பழகியவர் வேகத்தில் தேறவில்லை, வேகத்தில் பழகியவர் ஞாபகத்தில் தேறவில்லை. பத்து வருடம் கழித்துக் கணக்கெடுத்ததில், வேகப் பயிற்சி பெற்றவர்களுக்கு மறதி நோய் வரும் அபாயம் 29 சதவீதம் குறைவாக இருந்தது என்று 2017-ல் எழுதினார்கள். பெரிய செய்திதான். ஆனால் விளம்பரங்களில் எளிதில் நழுவிப்போகும் ஒரு சங்கதி இருக்கிறது. அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் அப்போது மறதி நோய் இல்லாதவர்கள். வருமுன் காப்பதற்குச் சொன்னதை வந்த பின் போக்குவதற்குச் சொன்னதாக நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் பல ஆய்வுகளை ஒன்றாக அலசினார்கள். வயதுக்கு மீறிய மறதி இருந்தும் தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இப்பயிற்சியால் ஓரளவு பயன் தெரிகிறது; மறதி நோய் பிடித்த பிறகோ ஆதாரம் மிகப் பலவீனம் என்றார்கள். 2022-ல் அமெரிக்காவில் இலேசான மறதியுள்ள 107 பேரிடம் நடந்த ஆய்வு இன்னும் வேடிக்கையானது. பாதிப் பேருக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டு, பாதிப் பேருக்கு அதே கம்ப்யூட்டரில் பழைய குறுக்கெழுத்துப் புதிர். 78 வாரம் கழித்துப் பார்த்தால் குறுக்கெழுத்துக்காரர்களே தேவலை! இரண்டும் செய்யாத மூன்றாவது கூட்டம் அதில் இல்லை என்பதால் இதையும் முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனாலும் நாளிதழின் மூலையில் கிடக்கும் குறுக்கெழுத்துக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான்.

நிலைமை இப்படியிருக்க, விற்பவர்கள் என்ன சொன்னார்கள்? லுமோசிட்டி என்ற பெயரில் இவ்விளையாட்டுகளை விற்ற அமெரிக்க நிறுவனத்தின் மீது, முதுமையின் மறதியைத் தள்ளிப்போடும் என்று ஆதாரமின்றி விளம்பரம் செய்து மக்களை ஏமாற்றியதாக அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2016 ஜனவரியில் அந்நிறுவனம் 20 லட்சம் டாலர் செலுத்தி வழக்கைத் தீர்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டது. நனைந்த தானியத்தை அடியிலும் காய்ந்ததை மேலேயும் வைத்து விற்றவரிடம் பெருமானார் (ஸல்) அவர்கள் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த சம்பவம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். தானியத்தில் ஏமாந்தவனுக்குப் பணம் போகும். தாயின் ஞாபகம் திரும்பும் என்று நம்பி ஏமாந்தவனுக்குப் போவது அதைவிடப் பெரிது.

இனி மார்க்கச் சட்டத்துக்கு வருவோம். நோய்க்கு மருந்து தேடுவது தவக்குலுக்கு மாறானதன்று. நாட்டுப்புற அரபிகள் வந்து, நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கேட்டபோது, ஆம் என்று அனுமதித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அல்லாஹ் நிவாரணம் வைக்காத நோயே இல்லை என்றும், முதுமை ஒன்று மட்டும் விதிவிலக்கு என்றும் சொன்னதாக அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் ஹதீஸ் இருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு, "மறதி முதுமையோடு வருவது, முதுமைக்கு மருந்தில்லை, ஆகவே டாக்டரிடம் போக வேண்டாம்" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இது தவறான முடிவு. முதுமை வேறு, மறதி நோய் வேறு. தொண்ணூறு வயதிலும் தெளிவாகப் பாடம் நடத்திய உஸ்தாதுமார்களை நாம் கண்டதில்லையா? மேலும், வைட்டமின் பி12 குறைவாலும், தைராய்டு கோளாறாலும், மனச்சோர்வாலும், சில தூக்க மாத்திரைகளாலும் கூட மறதி வரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. காது மந்தமானவர் கேட்காததை மறந்ததாக நாம் எண்ணிக்கொள்வதும் உண்டு. ஆகவே டேப்லெட்டுக்கு முன் டாக்டர்.

ஆனால் மருத்துவம் செய்வது எப்போது கட்டாயக் கடமையாகும்? பயன் உறுதியில்லாத சிகிச்சை கடமையாகாது என்பதே பெரும்பான்மை ஃபுகஹாக்களின் கருத்து. அதை விட்டவர் பாவியாக மாட்டார். நாம் மேலே பார்த்த விளையாட்டுகளின் பயன் எவ்வளவு உறுதி என்பது தெரிந்ததுதான். எனவே அச்சகோதரரின் இரண்டாவது கேள்விக்குப் பதில் எளிது. அவர் குற்றவாளி அல்லர்.

முதல் கேள்விதான் கனமானது. கட்டாயப்படுத்தலாமா?

பெருமானார் (ஸல்) அவர்களின் இறுதி நோயின்போது நடந்ததை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள், புகாரியில் இருக்கிறது. மயக்கநிலையில் இருந்த அவர்களுக்கு வாயின் ஓரமாக மருந்தூற்ற வீட்டார் முனைந்தார்கள். வேண்டாமென்று அவர்கள் சைகை செய்தார்கள். நோயாளி மருந்தை வெறுப்பது வழக்கம்தானே என்று எண்ணி வீட்டார் ஊற்றிவிட்டார்கள். தெளிவு வந்ததும், நான் தடுக்கவில்லையா என்று கேட்டுக் கடிந்துகொண்டார்கள். அங்கிருந்தவர்களில், அப்போது உடனில்லாத அப்பாஸ் (ரலி) அவர்களைத் தவிர, எல்லோர் வாயிலும் அதே மருந்து ஊற்றப்பட்டது.

இந்தச் சம்பவத்தைப் படிக்கும்போதெல்லாம் நான் சற்று நின்றுவிடுவதுண்டு. ஊற்றியவர்கள் யார்? உலகிலேயே அவர்களை அதிகம் நேசித்தவர்கள். நோக்கம் என்ன? நன்மை. சொன்ன காரணம் என்ன? ‘நோயாளிக்கு என்ன தெரியும்!’ இன்று நாம் சொல்லும் அதே காரணம். படுக்கையில் கிடப்பவர் வாய் பேச முடியாமல் சைகையால் காட்டிய மறுப்பும் மறுப்புத்தான் என்பதை அந்தக் கண்டிப்பு நமக்குக் காட்டுகிறது. நோயாளிகளை உண்ணும்படியும் பருகும்படியும் நெருக்கக் கூடாது என்ற கருத்தில் திர்மிதீயில் ஒரு ஹதீஸும் உண்டு. சோற்றுக்கே நெருக்கக் கூடாதென்றால் விளையாட்டுக்கு எப்படி நெருக்குவது?

(உயிரைக் காக்கும் மருந்தை ஒருவர் புத்தி தடுமாறி மறுத்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அது வேறு மஸ்அலா. அதற்கு டாக்டரும் ஆலிமும் சேர்ந்து உட்கார வேண்டும்.)

அந்தப் பெரியவர் ஏன் மறுக்கிறார் என்று யாராவது கேட்டார்களா? நான் கேட்டேன். மகனார் சற்றுத் தயங்கிவிட்டு, "தப்பாத் தொட்டா அது ஒரு சத்தம் போடுது, என் சின்ன மகன் பக்கத்துல உட்கார்ந்து ‘அப்பா மறுபடி தோத்துட்டாங்க’ன்னு சிரிக்கிறான்" என்றார். நாற்பது வருடம் கடையில் கணக்கெழுதிய மனிதர் அவர். ஓலையில் எழுதாமல் மனக்கணக்காகவே மூட்டை விலை சொன்னவர். பேரன் முன்னால் அவரைத் தினம் ஒரு பரீட்சைக்கு உட்கார வைத்து, தினம் தோற்கடித்து, தோற்றதை மணியடித்து அறிவித்தால் அவர் எழுந்து போகத்தானே செய்வார்? பெற்றோரை நோக்கிச் ‘சீ’ என்ற அளவுக்குக் கூடச் சொல்லாதே என்று திருமறை நம் வாயைக் கட்டியிருக்கிறது. அந்தச் சொல்லை நாம் சொல்லாமல் ஓர் எந்திரத்தைக் கொண்டு சொல்ல வைத்தால் மட்டும் ஆகுமா?

எந்திரத்தை மட்டும் குறை சொல்வானேன்? நாமே பரீட்சை வைப்பவர்கள்தாம். மறதியுள்ள பெரியவர் இருக்கும் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளைக் கவனியுங்கள். படியேறியதும் முதல் கேள்வி: "மாமி, நான் யாரு? சொல்லுங்க பார்ப்போம்!" அந்த மாமி விழிப்பார். சுற்றி நிற்பவர்கள், "ம், சொல்லுங்க, சொல்லுங்க" என்பார்கள். அவர் ஏதோ ஒரு பெயரைச் சொல்வார்; எல்லோரும் சிரிப்பார்கள் அல்லது உச்சுக் கொட்டுவார்கள். அடுத்த விருந்தாளி வந்ததும் இதே நாடகம். ஒரு நாளைக்கு ஐந்து பேர் வந்தால் ஐந்து பரீட்சை, ஐந்து தோல்வி. அதற்குப் பதிலாக, "அஸ்ஸலாமு அலைக்கும் மாமி, நான்தான் உங்க தம்பி மகன் வந்திருக்கேன்" என்று உள்ளே வந்து கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் என்ன குறைந்துவிடும்? சலாம் சொல்லி, இன்னார் என்று பெயர் சொல்லி அனுமதி கேட்பது சுன்னத்து. கதவுக்கு வெளியே நின்று ‘நான்’ என்று மட்டும் சொன்னவரின் பதிலை நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பதும் ஹதீஸில் வந்ததே.

சிட்னி ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட இன்னொரு அலசலில் ஒரு விஷயம் கண்டேன். நோயில்லாத முதியவர்களைப் பற்றிய ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை அவர்கள் பார்த்தபோது, வீட்டில் தனியே உட்கார்ந்து செய்த கம்ப்யூட்டர் பயிற்சியால் பயன் தென்படவில்லை. ஒரு பயிற்சியாளர் பார்த்துக்கொள்ள, குழுவாகக் கூடிச் செய்த பயிற்சியில் தென்பட்டது. அதுவும் வாரத்துக்கு மூன்று தடவைக்கு மேல் போனால் பயனில்லை. காரணம் என்னவென்று அவரவர் ஆராயட்டும். ஒரு மனிதர் பக்கத்தில் இருப்பது பயிற்சிக்கும் வேண்டியிருக்கிறது என்பதே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. இங்கிலாந்தில் உருவான மற்றொரு முறையில் கம்ப்யூட்டர் இல்லாமலே காரியம் நடக்கிறது. மறதி நோயுள்ள சிலரை வாரம் இரண்டு முறை, ஏழு வாரம், வட்டமாக உட்கார வைத்துப் பேச வைக்கிறார்கள். சிறுவயதுக் கதை, சாப்பாடு, ரூபாய் நோட்டு, ஊர்ச் செய்தி என்று ஒவ்வொரு நாளும் ஒரு பேச்சு. உண்மை எது என்று கேட்பதில்லை. உங்கள் அபிப்பிராயம் என்ன என்று கேட்கிறார்கள். அபிப்பிராயத்தில் தோல்வி ஏது? சிறிதளவு பயன் உண்டென்பது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனத்தாரும் இதைத் தமிழ் முதியோருக்கேற்ப அமைத்துப் பார்த்திருக்கிறார்கள். நமக்கு இது என்ன புதுமை? அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் பள்ளிவாசல் ஹௌளுக் கரையில் நடந்துவந்த பேச்சுத்தானே! மறதி வந்ததும் முதல் வேலையாக அந்தப் பேச்சிலிருந்து பெரியவரைப் பிரித்து வீட்டில் பூட்டி வைக்கிறோம்.

"உட்கார்ந்து பேசி என்ன பயன் ஹஜ்ரத்? நான் வந்துபோனதையே ஒரு மணி நேரத்தில் மறந்துவிடுகிறாரே" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகள் 17 பேருக்குச் சோகமான படக்காட்சிகளையும், வேறொரு சமயம் மகிழ்ச்சியான காட்சிகளையும் காட்டினார்கள். 2014-ல் அதன் விவரம் வெளியானது. சில நிமிடங்களில் படம் மறந்துவிட்டது. ஆனால் சோகம் போகவில்லை, மகிழ்ச்சியும் போகவில்லை. யார் படத்தை அதிகம் மறந்தாரோ அவருக்குச் சோகம் அதிக நேரம் நீடித்தது. காரணம் தெரியாத துக்கம் அது. காலையில் மகன் சீறியது மறந்துபோகும். மாலை வரை மனம் கனத்துக் கிடக்கும். உள்ளூர்ப் பேத்தி வந்து தலைவாரிவிட்டுப் போனதும் மறந்துபோகும். குளிர்ச்சி நெஞ்சில் நிற்கும். வாங்கியவருக்கு ஞாபகமில்லாத உபகாரத்துக்குக் கணக்கெழுதுபவர்கள் வேறே இருக்கிறார்கள் அல்லவா?

இதையெல்லாம் சொல்வதால் டேப்லெட்டைக் கிணற்றில் போடச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். விருப்பத்தோடு விளையாடுகிறவர் விளையாடட்டும். சத்தத்தை நிறுத்திவிட்டு, யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து விளையாடினால் இன்னும் நல்லது. இன்னொன்றையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பல வீடுகளில் பெரியவரைப் பார்த்துக்கொள்வது மருமகள். மாமனார் மாமியாருக்குப் பணிவிடை செய்வது மார்க்கச் சட்டப்படி மருமகள் மீது கடமை அல்ல. அவள் செய்தால் அது அவளுடைய உபகாரம். கடமை பெற்ற பிள்ளைகளுடையது. இரவில் நான்கு தடவை எழுந்து வாசல் கதவைத் திறக்கப் போகும் பெரியவரைப் பிடித்துக் கூட்டிவந்து படுக்க வைப்பவள் அவள். அந்த விளையாட்டில் அவர் அரைமணி நேரம் மூழ்கியிருந்தால், அவள் ஒரு வாய் சோறு நிதானமாகச் சாப்பிடுவாள். அந்த ஒரு பயனுக்காகவே அது இருக்கலாம். வெளிநாட்டு மகன் சந்தா கட்டுவதோடு, அவளுக்குத் துணையாக ஓர் ஆளுக்குச் சம்பளமும் கட்டட்டும். நாள்தோறும் ஒரு வேளை பார்த்துக்கொள்ளும்படி உள்ளூரிலுள்ள தம்பி, தங்கையரிடம் முறைபோட்டுப் பேசட்டும். தினம் ஒரே நேரத்தில் போன் செய்து, "வாப்பா, நான் உங்க மூத்த மகன் பேசறேன்" என்று தொடங்கட்டும்.

தள்ளாத வயதில், அறிந்த பின் ஒன்றும் அறியாத நிலைக்குத் திருப்பப்படுவோர் உண்டு என்று திருமறை நஹ்ல் அத்தியாயத்திலும் ஹஜ் அத்தியாயத்திலும் சொல்கிறது. அந்த நிலையை விட்டும் நாயகம் (ஸல்) அவர்கள் பாதுகாவல் தேடியிருக்கிறார்கள். நாமும் தேட வேண்டும். ஆனால் அதை அடைந்துவிட்டவரைத் தாழ்ந்தவராக எண்ண எங்கும் அனுமதியில்லை. புத்தி நீங்கியவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது. நாம் அவரிடம் நடந்துகொள்வதை எழுதும் கோல் மட்டும் நிற்கவில்லை.

தொழுகையைப் பற்றிப் பலர் கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். பகுத்தறியும் நிலை முற்றிலும் போய்விட்டவர் மீது தொழுகை கடமையில்லை, களாவும் இல்லை. தெளிவு வந்து வந்து போகிறவர், தெளிவுள்ள நேரத்துத் தொழுகையை முடிந்தவரை தொழுவார். ரக்அத்து எண்ணிக்கை தடுமாறினால் பக்கத்தில் ஒருவர் நின்று தொழுது காட்டலாம். பேரப்பிள்ளையை இமாமாக நிறுத்தினாலும் ஆகும், அவன் ஓதத் தெரிந்த பருவத்தினனாக இருந்தால். நேற்று நடந்ததை மறந்தவருக்கும் ஐம்பது வருடம் ஓதிய ஃபாத்திஹா பெரும்பாலும் நாவில் நிற்கும். பழகிப்பழகி ஊறியது கடைசியாகத்தான் போகிறது என்று மருத்துவர்களும் சொல்கிறார்கள். லுஹர் தொழுத கால்மணி நேரத்தில், "நான் இன்னும் லுஹர் தொழவில்லையே" என்று பதறி எழுந்தால், "இப்பதானே தொழுதீங்க!" என்று அதட்டி உட்கார வைக்காதீர்கள். ஒளு செய்யத் தண்ணீர் எடுத்துக் கொடுங்கள். தொழுது கொள்ளட்டும்.